நூறு அடி தள்ளி

முப்பது வருடம்
வெண்டலின் குறட்டைக்கு நூறு அடி தள்ளித்தான்
என் கூடாரத்தை அடித்தேன்.
பிட்டர்ரூட் மலையில் ஒரு கரடிகூட
எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.
தன்னால்தான் என்று
வருடா வருடம் மார்தட்டிக்கொள்வான்.

இந்த முறை கோவேறு கழுதையின் முதுகில்
துப்பாக்கிகளுக்கும் மாவுப் பைக்கும் நடுவே
ஒரு சின்னப் பெட்டி. முகமூடி. ஆறடிக் குழாய்.
செங்கல் கனத்தில் ஒரு லித்தியம் பாட்டரி.
மடித்தால் சதுரங்கப் பலகை, விரித்தால் மேசைவிரிப்பு என்று
ஒரு சோலார் தகடு.
ரோக்ஸான் பென்சிலால் எழுதித் தந்திருந்தாள்:
ஈரமூட்டியைக் கழற்றிவிடு, அது கரண்டைக் குடிக்கும்.
இன்வெர்ட்டர் வேண்டாம், நேராகப் பன்னிரண்டு வோல்ட்.
பாட்டரி உறைந்தால் சார்ஜ் ஏறாது, கூட வைத்துக்கொண்டு தூங்கு.
கடைசி வரி எனக்கு:
மாட்டமாட்டேன் என்பான். மாட்டவை.

முதல் இரவு, கடலுக்குள் இறங்குகிறவன் மாதிரி
முகமூடியோடு கைகாட்டினான்.
பிறகு ஒன்றுமில்லை.
பைன் ஊசிகளுக்குள் காற்று போய் வருவது போல
பெட்டியின் இரைச்சல் மட்டும்.
நூறு அடி தள்ளிப் படுத்திருந்த எனக்குத்
தூக்கம் பிடிக்கவில்லை.
மறுநாள் ஐம்பது அடிக்கு நகர்ந்தேன்.
கரடி பயம் என்றேன்.

மூன்றாம் நாள் மேற்கே எங்கோ காடு எரிந்தது.
சூரியன் தேய்ந்த செப்புக்காசு,
வெறுங்கண்ணால் பார்க்கலாம்.
தகட்டைப் பாறையில் சாய்த்துவிட்டு
நிழல் நகர நகர அதை நகர்த்திக்கொண்டு
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
சரிவில் எல்க் மான் ஒன்று கூவியது,
நல்ல கிடா, குரலே சொன்னது.
துப்பாக்கி கூடாரத்தில்.
சாயங்காலம் பாட்டரியின் நாலு விளக்கில்
ஒன்றுதான் எரிந்தது.
"ராத்திரிக்குப் போதும்" என்றான் வெண்டல்.
பள்ளியில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.
அன்றைக்கு நானும் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டே கால்.
பெட்டி நின்ற சத்தத்தில் விழித்தேன்.
முகமூடியைப் பிய்த்துப் போடுகிறான்.
பிறகு அந்தப் பழைய குறட்டை,
ரம்பம் மரக்கணுவில் சிக்குகிற மாதிரி.
சிரித்தேன். வா ராசா, வந்துட்டியா என்றேன்.
நின்றது.

இந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.
முப்பது வருடமாக இதற்காகக் காத்திருந்து
இதற்குள் அவசரமாகத் தூங்கப் பார்த்தவன்.
அப்பாடா என்று சொல்லியிருக்கிறேன்,
வாய்விட்டு,
என் தம்பி மூச்சில்லாமல் கிடந்த
அந்த நேரத்துக்கு.

பதினெட்டு. பத்தொன்பது.
இருபத்தாறில் உடம்பு தூக்கிப்போட்டது,
தண்ணீரிலிருந்து தலை வெளியே வந்தது போல
ஓர் இழுப்பு.
நான் அதற்குள் வெளியே, உறைபனியில், வெறுங்காலோடு.
ஐம்பது அடி.
எவ்வளவு தூரம் அது.

"என்னடா?"
"குளிருது. தள்ளிப் படு."
"பொய்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.
ஒருக்களித்துப் படுக்கவைத்து
முதுகுக்குச் சேணத்தை முட்டுக்கொடுத்தேன்.
செத்த பாட்டரியை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்,
விடியும்போது சூடாக இருக்கட்டும் என்று.
அவன் மூச்சை எண்ணினேன்.
நானூற்றுச் சொச்சத்தில் விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

காலையில் தகட்டின் மேல் மெல்லிய சாம்பல்.
சட்டைக் கையால் துடைத்தேன்.
புகை அப்படியேதான் இருந்தது.
"ஒரு விளக்காவது?" என்றான் காப்பிக் கோப்பையோடு.
"பார்க்கலாம்."
என் கூடாரத்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.
"வீட்டுக்கா? இன்னும் நாலு நாள் லைசென்ஸ் இருக்கு."
பதில் சொல்லவில்லை.
மூன்றாவது ஆணி
வேரில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
அவன் வந்து மறுபக்கம் பிடித்தான்.